கழன்றது எந்தக் கார்டு?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் மறுசந்திப்பு விழாவில், முற்பகல் அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் 1995ஆம் ஆண்டு மின்னணுவியல் பிரிவில் படிப்பை முடித்தவர்.)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "கிளவுட் பற்றி அரை மணி நேரம் பேசுங்க" என்றார். கிளவுட் என்றால் அதற்கு முடிவே கிடையாது. "சார், நான் ஒரு சின்ன விஷயத்தைப் பத்திப் பேசுறேன். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் கார்டைக் கழற்றினா, கழன்றது எந்தக் கார்டுன்னு மேலே இருக்கிற சாப்ட்வேருக்கு எப்படித் தெரியும்? அவ்வளவுதான்" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, சாப்பாட்டுக்கு முன்னாடி வச்சிருக்கோம், சீக்கிரம் முடிச்சிடுங்க" என்றார். முயற்சி செய்கிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு நம்ம பழைய லேப் ஞாபகம் இருக்கும். மெஷின்களின் பின்பக்கம் ஒரே கறுப்பு கோ-ஆக்சியல் கேபிள் வரிசையாகப் போகும். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு 'டி' கனெக்டர், இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர். யாராவது காலை நீட்டி ஒன்றைத் தட்டிவிட்டால் மொத்த லேபும் படுத்துவிடும். "எவன்டா அது?" என்று லேப் அசிஸ்டென்ட் குனிந்து தேடிக்கொண்டு வருவார். தேடினால் கிடைக்கும், அதுதான் முக்கியம். கார்டைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். அதன் மேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் பன்னிரண்டு எழுத்தில் அதன் மேக் முகவரி இருக்கும். இது இன்ன கார்டு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

இன்றைக்கு டேட்டா சென்டரில் ஒரு இரும்புப் பெட்டிக்குள்ளே முப்பது, நாற்பது கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றன. எல்லாம் சாப்ட்வேரால் ஆன கம்ப்யூட்டர்கள். லினக்ஸ் உலகத்தில் இதற்கு மூன்று அடுக்கு. ஃபாப்ரிஸ் பெலார்ட் 2003ல் வெளியிட்ட கியூஎமு, மெஷினின் பாகங்களைப் போல நடிக்கிறது. 2007ல் லினக்ஸ் கர்னலுக்குள் சேர்ந்த கேவிஎம், பிராசசரை நேரடியாகப் பயன்படுத்தி வேகம் தருகிறது. இவற்றை மேய்க்கிற மேஸ்திரி லிப்விர்ட்; 2005ல் ரெட் ஹாட்டில் டேனியல் வேயார் தொடங்கியது. அந்த மெஷின்களுக்கும் நெட்வொர்க் கார்டு உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றை மாட்டலாம், ஒன்றைக் கழற்றலாம். ஸ்டிக்கர் மட்டும் கிடையாது.

கழற்றினால் லிப்விர்ட் ஒரு அறிவிப்பு அனுப்பும். 2013லிருந்து இந்த வசதி இருக்கிறது. அந்த அறிவிப்பில் இருப்பது இரண்டே விஷயம். எந்த மெஷின் என்பது ஒன்று. இன்னொன்று, கழன்ற பாகத்தின் ஏலியாஸ், அதாவது பட்டப்பெயர். 'நெட்1' என்று ஒரே ஒரு சொல். மேக் முகவரி கிடையாது, எந்த நெட்வொர்க்கில் இருந்தது என்பது கிடையாது. சரி, அந்த மெஷினின் விவரப் பட்டியலைக் கேட்டு 'நெட்1' யார் என்று பார்த்துக்கொள்ளலாமே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அறிவிப்பு வருகிற நேரத்தில் அந்தக் கார்டு பட்டியலிலிருந்து நீங்கியிருக்கும். டி.சி. வாங்கிக்கொண்டு போனவர் பெயரை வருகைப் பதிவேட்டில் அடித்துவிட்ட பிறகு, "42ஆம் நம்பர் போயாச்சு" என்று ஆபீசில் சொன்னால், 42 யார் என்று எங்கே போய்த் தேடுவது? அதைவிட மோசம் ஒன்று உண்டு. அதற்குள் 42ஆம் நம்பரை இன்னொரு பையனுக்குக் கொடுத்துவிட்டால்?

எனக்கு அதுதான் நடந்தது.

2016. ஒரு டேட்டா சென்டர், பெயர் வேண்டாம். எங்களிடம் அறுபது சொச்சம் ஹோஸ்ட்கள். ஒவ்வொன்றிலும் நாங்கள் எழுதிய ஒரு கண்காணிப்பு புரோகிராம் உட்கார்ந்து லிப்விர்ட் அறிவிப்புகளைக் கேட்டுக்கொண்டிருக்கும். கார்டு கழன்றது என்று செய்தி வந்தால் மூன்று வேலை செய்யும்: அந்தக் கார்டின் சுவிட்ச் போர்ட்டை மூடும், ஃபயர்வால் விதிகளைத் துடைக்கும், ஐபி முகவரியை மறுபடி பொதுத் தொட்டியில் போட்டுவிடும். மூன்றையும் எங்கள் டேபிளைப் பார்த்துச் செய்யும். அந்த டேபிளில் மெஷின் பெயர், ஏலியாஸ், மேக், ஐபி. அதை வடிவமைத்தவன் நான்தான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒரு பார்சல் சர்வீஸ்காரர்களின் புக்கிங் சர்வர். அதன் இரண்டாவது கார்டைப் பழைய நெட்வொர்க்கிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அந்த வேலையைச் செய்தாள். பழைய கார்டைக் கழற்றினாள். பட்டியலிலிருந்து அது மறைந்துவிட்டதா என்று பார்த்தாள். மறைந்த பிறகு புதிய கார்டை மாட்டினாள். மொத்தம் மூன்று விநாடி வேலை. ஒரு தப்பும் இல்லை.

கழன்ற கார்டின் ஏலியாஸ் நெட்1. லிப்விர்ட் புதிய கார்டுக்கு நம்பர் தரும்போது, இருப்பதிலேயே பெரிய நம்பரைப் பார்த்து அடுத்ததைக் கொடுக்கும். இருந்தது நெட்0 மட்டும். ஆகவே புதுசுக்கும் நெட்1. எங்கள் ஸ்கிரிப்ட் சமர்த்தாக டேபிளில் நெட்1 வரியில் பழைய மேக்கை அழித்துப் புதிய மேக்கை எழுதியது.

அந்த நேரம் பார்த்து எங்கள் கண்காணிப்பு புரோகிராம் தூங்கிக்கொண்டிருந்தது. மத்திய டேட்டாபேஸில் பேக்கப் ஓடியதால், முந்தைய அறிவிப்பை எழுதி முடிக்கவே நாற்பது விநாடி எடுத்துக்கொண்டது. அது விழித்து அடுத்த சீட்டை எடுத்தது. "நெட்1 கழன்றது." டேபிளைப் பார்த்தது. நெட்1 என்றால் புதிய கார்டு. போர்ட்டை மூடியது, விதிகளைத் துடைத்தது, ஐபியைத் தொட்டியில் போட்டது. இருபது நிமிஷம் கழித்து அந்த ஐபியை வேறொரு வாடிக்கையாளர் மெஷினுக்குக் கொடுத்தும் விட்டது.

இரண்டரை மணி நேரம் புக்கிங் இல்லை. லாரிகள் நின்றன. யாரோ ஒருத்தர் வந்து போர்ட்டைத் திறந்தபோது ஒரே ஐபியில் இரண்டு மெஷின்கள் பேச ஆரம்பித்தன. அது அடுத்த கூத்து, அதை விடுவோம்.

விடிந்ததும் விசாரணை. லாகில் தெளிவாக இருக்கிறது: கழற்றப்பட்டது நெட்1. ஓடிக்கொண்டிருக்க வேண்டிய கார்டும் நெட்1. "ஓடுற கார்டைப் போய் நீ கழற்றியிருக்கே" என்றார்கள். அந்தப் பெண், "சார், நான் பழையதைத்தான் கழற்றினேன். அதுவும் நெட்1தான் சார், இதுவும் நெட்1தான்" என்றாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அந்தக் காலையில் அது எனக்கு உளறலாகத்தான் கேட்டது. 'ஆபரேட்டர் தவறு' என்று எழுதிய ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து மனசு கேட்கவில்லை. டெஸ்ட் மெஷினில் கண்காணிப்பு புரோகிராமை வேண்டுமென்றே அறுபது விநாடி நிறுத்தி வைத்து, கழற்றி மாட்டிப் பார்த்தேன். முதல் தடவையே அப்படியே நடந்தது. ரிப்போர்ட்டைத் திருத்த மேலிடத்துக்குப் போனபோது, "முடிஞ்ச ஃபைலை ஏன்யா தோண்டுறே?" என்றார்கள். ஒரு வாரம் நடந்தேன். திருத்தினார்கள். அந்தப் பெண்ணிடமும் போய்ச் சொன்னேன். "பரவாயில்லை சார்" என்றாள். பரவாயில்லை என்று சொல்லக்கூடிய விஷயம் அல்ல அது.

சரி, ஏலியாஸ் வேண்டாம், வேறு எந்தப் பெயரை நம்புவது? ஒரே கார்டுக்குப் பல பெயர். மெஷினுக்குள்ளே இருப்பவருக்கு அது ஈத்0 அல்லது என்எஸ்3. லிப்விர்ட்டுக்கு நெட்0. ஹோஸ்ட் பக்கம் அதன் வால் ஒன்று தொங்கும், டேப் என்பார்கள், அதன் பெயர் விநெட்0. வீட்டில் குஞ்சு, பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இன்னொரு பெயர் என்பது மாதிரி.

விநெட் பெயரை நம்பலாமா? அதிலும் இதே வியாதி இருந்தது. ஒரு மெஷின் நின்றதும் அதன் டேப் தானே மறைந்துவிடும். லிப்விர்ட் அதன் சுவிட்ச் பக்கத்து மிச்சங்களைத் துடைக்க வருவதற்குள், புதிதாக எழுந்த இன்னொரு மெஷின் அதே விநெட் நம்பரைப் பிடித்துக்கொள்ளும். துடைக்க வந்த கை புதியவனின் போர்ட்டைத் துடைத்துவிடும். இதை லிப்விர்ட் எழுதுகிறவர்களே கண்டுபிடித்து, 2020ல் விதியை மாற்றினார்கள். காலியான நம்பரை உடனே மறுபடி தருவதில்லை, மேலே மேலே எண்ணிக்கொண்டே போகும். அந்த மாற்றத்தைப் படித்தபோது எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். நாம் மட்டும் இல்லை, அவங்களும் விழுந்திருக்காங்க.

மேக் முகவரி? எல்லோரும் சொல்கிற பதில் இதுதான், பாதி சரி. கியூஎமு, கேவிஎம் மெஷின்களுக்கு லிப்விர்ட் தருகிற மேக் 52:54:00 என்று தொடங்கும். மிச்சம் 24 பிட்தான் குலுக்கிப் போடப்படுகிறது. 1,67,77,216 வாய்ப்பு. நிறைய என்று தோன்றும். பிறந்தநாள் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? நிகழ்தகவு வகுப்பில் 23 பேர் இருந்தால் இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று போர்டில் போட்டுக் காட்டுவார்களே. அதே கணக்கில், சுமார் 4,800 கார்டு இருந்தால் எங்கேயோ ஒரு ஜோடி மோத பாதிக்குப் பாதி வாய்ப்பு. வெவ்வேறு ஹோஸ்டில் இருந்தால் லிப்விர்ட் அதைத் தட்டிக் கேட்காது. மெஷினின் டிஸ்க்கையும் விவரத்தையும் அப்படியே நகல் எடுத்து ஓட்டுகிற புண்ணியவான்கள் வேறு இருக்கிறார்கள்.

இன்னொன்று. சில வாடிக்கையாளர்கள், "நெட்வொர்க்கை மாத்துங்க, ஆனா மேக் அதேதான் இருக்கணும், எங்க லைசென்ஸ் அதோட கட்டியிருக்கு" என்பார்கள். அப்போது கழன்ற கார்டுக்கும் மாட்டிய கார்டுக்கும் ஏலியாஸும் ஒன்று, மேக்கும் ஒன்று. கார்டுகள் மட்டும் இரண்டு. ஒரே மெஷினில் ஒரே மேக்கில் இரண்டு கார்டு இருந்து, ஒன்றைக் கழற்று என்றால் லிப்விர்ட்டே மறுத்துவிடும். பிசிஐ முகவரியையும் சொல் என்று கேட்கும். அந்த பிசிஐ முகவரியும் ஸ்லாட் நம்பர்தான். காலியானால் அடுத்தவனுக்குப் போய்விடும், ஹாஸ்டல் ரூம் மாதிரி.

அந்தப் பெண்ணும் நானும் சேர்ந்துதான் பிறகு சரி செய்தோம். முதலில் ஒரு கட்டுப்பாடு: ஒரு மெஷினில் கழன்ற அறிவிப்பை எங்கள் புரோகிராம் வாங்கி முடிக்கும்வரை, அதே மெஷினில் அடுத்த கார்டை மாட்டக் கூடாது. அடுத்து, கழற்று என்று உத்தரவு போடும் முன்பே, போகப்போகிறவர் யார் என்று முழு விவரத்தையும் தனியாக எழுதி வைத்துவிட வேண்டும். மெஷினின் பெயர் அல்ல, அதன் யூயூஐடி. பிறகு ஏலியாஸ், மேக், போர்ட். அறிவிப்பு வந்தால் இந்தப் 'போகப்போகிறவர்' பட்டியலில் மட்டும் தேடு. கடைசியாக, எதையும் விடுவிக்கும் முன் மெஷினின் அப்போதைய விவரத்தை ஒரு தடவை வாங்கி, அந்தக் கார்டு நிஜமாகவே இல்லையா என்று எட்டிப் பார். அறிவிப்பை ஒரு தட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டும், தீர்ப்பாக அல்ல.

இதோடு முடிந்தது என்று நினைத்தோம். பட்டியலில் இல்லாத ஒரு அறிவிப்பு வந்தது. யாரும் உத்தரவே போடவில்லை, கார்டு கழன்றிருக்கிறது! விசாரித்தால், விண்டோஸ் மெஷின். மூலையில் பென் டிரைவைப் பத்திரமாகக் கழற்றுவதற்கு ஒரு படம் இருக்கிறதே, அதில் நெட்வொர்க் கார்டும் சேர்ந்து காட்டியிருக்கிறது. அந்த ஆபீஸ் ஊழியர் அதைத் தட்டிவிட்டு, "சார், இன்டர்நெட் போயிடுச்சு" என்று நமக்கே போன் போட்டார். ஆக, உள்ளே இருப்பவரும் கார்டைக் கழற்றலாம். உத்தரவு போடும்போது மட்டும் எழுதினால் போதாது, மாட்டும்போதே எழுதி வைக்க வேண்டும்.

மாட்டும்போதே ஒவ்வொரு கார்டுக்கும் எங்கள் சொந்த அடையாள எண் ஒன்று கொடுத்தோம். மறுபடி யாருக்கும் தரப்படாத எண். ஆனால் அது எங்கள் டேபிளில்தான் இருந்தது, அறிவிப்பில் வராது. 2017 கடைசியில் வந்த லிப்விர்ட் 3.9 அந்தக் குறையைத் தீர்த்தது. ஏலியாஸை நாமே வைக்கலாம் என்று அனுமதித்தார்கள். 'யுஏ-' என்று தொடங்க வேண்டும், பின்னால் எழுத்து, எண், கோடு இவைதான். அங்கே நம் அடையாள எண்ணை வைத்துவிட்டால், கழன்ற அறிவிப்பில் அதுவே வந்து நிற்கும்.

எங்கள் வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். ரோல் நம்பரில் யாரும் கூப்பிடவில்லை. ஒருத்தன் கண்ணாடி, ஒருத்தன் நெட்டை, ஒருத்தன் பொள்ளாச்சி. மூன்று பேரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், முப்பது வருஷம் ஆகியும் குழப்பம் வரவில்லை.

நாம் வைத்த பெயருக்கு இன்னொரு லாபமும் உண்டு. லிப்விர்ட் தானாக வைக்கிற பெயர் மெஷின் ஓடும்வரைதான். நெட்0, நெட்2 என்று இருந்த மெஷினை அணைத்துத் திரும்ப ஏற்றினால் நெட்0, நெட்1 என்று எண்ணிவிடும். நாம் வைத்தது அப்படியே நிற்கும். ஒரு சங்கடம், ஓடிக்கொண்டிருக்கிற கார்டுக்குப் புதுப் பெயர் வைக்க முடியாது. பழைய மெஷின்கள் அடுத்த தடவை அணைந்து எழும்வரை இரண்டு முறையையும் வைத்துக்கொண்டு அல்லாட வேண்டியிருந்தது.

இந்தத் துறையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை, மற்றவர்கள் சாப்பாட்டு வாசனையைக் கவனிக்கலாம். 'நெட்' என்று தொடங்கினால்தான் நெட்வொர்க் கார்டு என்று வடிகட்டாதீர்கள். நிஜக் கார்டின் ஒரு துண்டை மெஷினுக்குள் நேரே கொடுத்தால், அதற்கு லிப்விர்ட் வைக்கிற ஏலியாஸ் 'ஹோஸ்ட்டெவ்0' என்று இருக்கும். கியூஎமுவிடமே நேரடியாகக் கேட்கிறவர்களுக்கு, ஒரு விர்ட்டியோ கார்டு கழன்றால் இரண்டு அறிவிப்பு வரும். முதலாவது அதன் உள்பாகத்துக்கு, அதில் அடையாளப் பெயரே இருக்காது, பாதை மட்டும் இருக்கும். இரண்டாவதில்தான் பெயர் வரும். இரண்டையும் எண்ணி இரண்டு கார்டு போச்சு என்று கணக்கு எழுதியவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று, அறிவிப்புகள் சேமித்து வைக்கப்படுவதில்லை. நம் புரோகிராம் செத்துப் பிழைத்த இடைவெளியில் வந்தது வந்ததுதான், மறுபடி கிடைக்காது. எழுந்தவுடன் எல்லா மெஷின்களின் விவரத்தையும் வாங்கி, டேபிளோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் கேட்க உட்கார வேண்டும்.

காலையில் டீ குடிக்கும்போது மூன்றாம் ஆண்டுத் தங்கை ஒருத்தி, "அண்ணா, இதையெல்லாம் பார்க்க டேட்டா சென்டர் வேணுமே?" என்று கேட்டாள். வேண்டாம்மா. லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப் ஒன்று போதும். லிப்விர்ட்டும் கியூஎமுவும் இலவசம். சின்னதாக ஒரு மெஷினை ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு ஜன்னலில் 'விர்ஷ் ஈவென்ட்' கட்டளையைத் தொடர்ந்து கேட்கும்படி போட்டுவிட்டு, இன்னொரு ஜன்னலில் ஒரு கார்டை மாட்டிக் கழற்றுங்கள். மறுபடி மாட்டிக் கழற்றுங்கள். இரண்டு தடவையும் ஒரே பெயர் வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். பிறகு மெஷினை இடைநிறுத்தி வைத்துவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். லிப்விர்ட் சுமார் 5 விநாடி பார்த்துவிட்டு, உத்தரவு போயாச்சு என்று திரும்பிவிடும். கார்டு கழன்றிருக்காது, அறிவிப்பும் வராது. உள்ளே இருக்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் சம்மதித்தால்தான் கார்டு கழலும், அது இப்போது உறைந்து கிடக்கிறது. இடைநிறுத்தத்தை எடுத்துவிட்டு அந்த ஈவென்ட் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருங்கள். அந்த ஒரு வரி அப்போதுதான் வந்து விழும்.